வழியில் கிடக்கும் தீவு

1905ஆம் ஆண்டின் முதல் மாதங்களில், மன்னாருக்குத் தெற்கே மரிச்சுக்கட்டியின் மணல்வெளியில் ஒரு நகரம் முளைத்தது. கிடுகும் மூங்கிலும் கொண்டு எழுந்த கொட்டில்களுக்கு நடுவே தபாற்கந்தோர் வந்தது, நீதிமன்று வந்தது, ஆஸ்பத்திரி வந்தது, மறியற்சாலையும் வந்தது. கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் சுழியோடிகள் வந்தார்கள். பாரசீகக் குடாவிலிருந்து அரபுச் சுழியோடிகளும் வந்தார்கள். முத்து வாங்கவும் சுழியோடிகளுக்குக் கடன் கொடுக்கவும் செட்டிமாரும் மரைக்காயர்மாரும் பம்பாய் வியாபாரிகளும் கூடினார்கள். சுறா கடிக்காமல் கடலை மந்திரத்தால் கட்டும் ‘கடல்கட்டி’க்கு அரசாங்கமே கூலி கொடுத்தது. ஏறக்குறைய நாற்பதாயிரம் பேர் அங்கே இருந்தார்கள் என்கிறார்கள். சித்திரை பிறந்து சில நாளில் நகரம் மறைந்தது. மிஞ்சியது சிப்பி ஓட்டுக் குவியலும் அழுகிய சதையின் நாற்றமும்தான்.

அந்த ஒரு பருவத்தில் எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி கரையேறியது. ஒவ்வொரு படகின் சுமையும் ‘கொட்டு’ என்ற வேலி அடைத்த முற்றத்தில் மூன்று குவியலாகப் பிரிக்கப்பட்டது. இரண்டு குவியல் அரசாங்கத்துக்கு, ஒன்று சுழியோடிக்கு. அரசாங்கத்தின் குவியல்கள் அன்று மாலையே ஏலம் போயின. பருவ முடிவில் திறைசேரிக்குக் கிடைத்த தொகை 25 லட்சம் ரூபாய்க்கு மேல். மறு ஆண்டுக் குளிப்பில் கொட்டுக் கணக்கை மேற்பார்த்த இளம் அதிகாரிகளில் ஒருவர் லெனாட் வுல்ஃப். பிற்காலத்தில் இலண்டனில் எழுத்தாளராகவும் பதிப்பாளராகவும் பெயர் பெற்றவர்.

அந்தப் பணம் மன்னாரில் தங்கவில்லை, கொழும்புக்குப் போனது. கண்டிக்கு 1867இலேயே ரயில் போயிருந்தது. முத்துக்குளிப்பு உச்சம் தொட்ட அதே 1905இல் வடக்குப் பாதை காங்கேசன்துறையைத் தொட்டது. அந்த வண்டி மதவாச்சியைத் தாண்டி நேரே வடக்கே போனது, மன்னார்ப் பக்கம் திரும்பவில்லை. மறு ஆண்டு அரசாங்கம் முத்துப் பார்களை ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வீதம் இருபது ஆண்டுக் குத்தகைக்கு ஒரு கம்பனியிடம் கொடுத்தது. கொடுத்த கையோடு சிப்பியும் போய்விட்டது. கம்பனி நொடித்தது. 1925இல் ஒரு தடவை குளித்ததோடு முத்துக்குளிப்பின் கதை முடிந்தது.

ஒரு நாட்டின் பகுதிகளை நிறுத்துப் பார்க்கிறவர்கள் வழக்கமாகக் கேட்பது, எந்த ஊரில் என்ன விளைகிறது, எவ்வளவு வருமானம், எத்தனை பேர் படித்தவர்கள் என்றுதான். மன்னாரைப் பொறுத்தவரை இந்தக் கேள்விகள் பாதித் தூரம்தான் போகும். இந்தத் தீவு எப்போதும் ஒரு வழியில் கிடந்தது. வழி திறந்திருந்த காலத்திலும் அதனூடாகப் போனதில் பெரும்பங்கு இங்கே நிற்கவில்லை. வழி அடைபட்ட காலத்தில் அடி மட்டும் இங்கேதான் விழுந்தது.

கீரியைப் பாருங்கள். மன்னார் நகரத்துக்கு மேற்கே, தாழ்வுபாட்டுக்குப் போகும் பக்கத்தில், மன்னார் வளைகுடாவைப் பார்த்தபடி இருக்கும் கரையோரக் கிராமம். நகரத்துச் சனம் பின்னேரத்தில் குளிக்கவும் காற்று வாங்கவும் வரும் கடற்கரை. பனையும் உவர் மணலும் சேர்ந்த இந்தத் தீவுக்கு ஆறு கிடையாது. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புநீரின் மேல் மெல்லிய படையாக நிற்கும். அதைத்தான் கிணறுகள் எட்டிப் பிடிக்கின்றன. நெல் வேண்டுமானால் பெருநிலத்துக் கட்டுக்கரைக்குளத்து வயல்களைப் பார்க்க வேண்டும். தீவின் வருமானம் கடல்தான். அதற்கும் ஒரு முறை உண்டு. சோளகம் அடிக்கும் மாதங்களில் தென்கரை கொந்தளிக்கும். வாடை வந்தால் பேசாலைப் பக்கத்து வடகரையின் முறை. ஒரு கரை சீறும்போது மறு கரையில் வாடி போட்டுத் தொழில் பார்ப்பது கடற்றொழிலாளர்களின் பழைய ஏற்பாடு. தெற்கே சிலாபம், நீர்கொழும்பிலிருந்தும் பருவம் பார்த்து வந்து மன்னார்க் கரைகளில் வாடி போட்டுப் போகிறவர்கள் இருந்தார்கள்.

முத்துக்கு முன்பும் பின்பும் இந்தக் கரையால் நடந்த பெரிய போக்குவரத்து மனிதர்களுடையது. 1830களிலிருந்து கண்டி மலைகளில் கோப்பித் தோட்டங்கள் பெருகின. அவற்றுக்கு ஆள் வேண்டியிருந்தது. எதிர்க் கரையில் இராமநாதபுரமும் அதற்கப்பால் புதுக்கோட்டை, மதுரை, திருச்சிராப்பள்ளிச் சீமைகளும் மழை பொய்த்துக் கிடந்தன. கங்காணியின் பின்னால் கூட்டம் கூட்டமாகத் தோணி ஏறினார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டின் ஊடே மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். ‘வடக்குப் பாதை’ என்று ஆவணங்களில் பேர் பெற்றது இதுதான். தண்ணீர் இல்லை, நிழல் இல்லை, வாந்திபேதியும் காய்ச்சலும் கூடவே நடந்தன. 1840களில் வந்தவர்களில் கால்வாசிப் பேர் மாண்டார்கள் என்று கொழும்புப் பத்திரிகை ஒன்று கணக்குச் சொல்ல, அதிகாரிகள் அதை மறுத்தார்கள். எண்ணிக்கை பற்றித்தான் சண்டை. பாதை ஓரத்தில் பிணங்கள் கிடந்ததை ஒருவரும் மறுக்கவில்லை.

நோய் பாதையோடு மட்டும் நிற்குமா? நடந்தவர்களின் வாந்திபேதி வழியிலிருந்த ஊர்களுக்குள்ளும் புகுந்தது. தோட்டத்தின் லாபம் கண்டியிலும் கொழும்பிலும் கணக்கெழுதப்பட்டது. அந்த லாபத்துக்கான ஆட்கள் வந்த வழியின் சாவு மன்னார்க் கச்சேரியின் பதிவில் ஏறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் வடக்குப் பாதை மூடப்பட்டது. தொழிலாளர் போக்குவரத்து தூத்துக்குடி–கொழும்புக் கப்பலுக்கு மாறியது.

பிறகு 1914 வந்தது. பெப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தது. இங்கே மன்னாரையும் பெருநிலத்தையும் இணைத்துப் பாலம் போட்டு, ரயில் தலைமன்னார் இறங்குதுறை வரை வந்தது. சென்னை எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி. அங்கிருந்து நீராவிக் கப்பலில் இருபத்திரண்டு மைல் கடல். தலைமன்னாரில் மறுபடி ரயில். விடிந்தால் கொழும்புக் கோட்டை. ‘போட் மெயில்’ என்றார்கள். தோட்டத்துக்குப் போகிறவர்கள் மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, ஊசி போடப்பட்டு வந்தார்கள். துணி வியாபாரிகள், நாடகக் கம்பனிகள், சாமியார்கள், அரசியல் தலைவர்கள் எல்லோரும் இந்தத் தீவைக் கடந்தார்கள். தீவார் பலருக்குத் துறைமுகத்திலும் ரயில்வேயிலும் வேலை கிடைத்தது. மீனும் கருவாடும் அன்றாடம் கொழும்புச் சந்தைக்குப் போக வழி பிறந்தது. கீரியில் பிடித்த மீனுக்குக் கொழும்பில் விலை சொல்ல ஆள் இருந்தது என்றால், அதற்குக் காரணம் இந்த இருப்புப்பாதைதான்.

1964 டிசம்பர்ச் சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறி, முன்னையிலும் மெலிந்து ஓடியது. அதே ஆண்டு ஒக்டோபரில்தான் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும், மூன்று லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு நூற்றாண்டுக்கு முன் பாட்டன் இறங்கிய அதே கரையில் பேரன் தகரப்பெட்டியோடு கப்பலேறினான்.

அந்தக் காலத்து இலங்கைக்கு உலகத்தில் நல்ல பெயர். 1979இல் மொரிஸ் டேவிட் மொரிஸ் என்ற பொருளியல் அறிஞர் வாழ்க்கைத் தரத்தை வருமானத்தால் அல்லாமல் எழுத்தறிவு, குழந்தை இறப்பு, ஒரு வயதுக்கு மேல் எதிர்பார்க்கக்கூடிய ஆயுள் ஆகிய மூன்றால் அளக்கும் சுட்டெண் ஒன்றை வெளியிட்டார். நூறுக்கு எண்பதைத் தாண்டி நின்றது ஏழை இலங்கை; இந்தியா அதில் ஏறக்குறையப் பாதிதான். 1945இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி, இலவச வைத்தியம், கூப்பன் அரிசி, 1946க்குப் பிறகு மலேரியாவை அடக்கிய டி.டி.டி. மருந்து — இவை எல்லாம் சேர்ந்த பலன் அது. மலேரியா பிடித்த வன்னி, மன்னார்ப் பெருநிலத்துக்கு அதில் உண்மையான பங்கு உண்டு.

ஆனால் சராசரிக்குள் யாரை மறைக்கலாம் என்பதற்கும் இலங்கையே உதாரணம். 1973–74 உணவுத் தட்டுப்பாட்டில் அரிசிப் பங்கீடு குறைந்தபோது தோட்டப்புறங்களில் இறப்பு வீதம் ஏறியது. நாட்டின் பெருமைக்குரிய எண்களுக்குள் மன்னார் வழியாக நடந்து வந்தவர்களின் பிள்ளைகள் அப்படி ஒளிந்திருந்தார்கள்.

அந்த ஆண்டுகளில்தான் அரசு தன் மாவட்டங்களைத் தானே வரிசைப்படுத்தத் தொடங்கியது. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்கு, மொழிவாரியாகப் புள்ளிகளைச் சரிக்கட்டும் தரப்படுத்தல் வந்தது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்தது. யாழ்ப்பாணத்தில் அது பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பறித்த அநீதியாகப் பார்க்கப்பட்டது. பின்னால் எழுந்த இளைஞர் அரசியலுக்கு அது போட்ட எரிபொருள் கொஞ்சமல்ல. மன்னாரிலிருந்து பார்த்தால் அதே ஏற்பாட்டுக்கு இன்னொரு முகம் இருந்தது. மிஷன் பள்ளிக்கூடங்கள் நூறாண்டுக்கு மேல் ஆழ வேர்விட்ட குடாநாட்டோடு, விஞ்ஞான ஆய்வுகூடமே அரிதான மன்னார்ப் பிள்ளை ஒரே வரிசையில் நின்று ஓட வேண்டியிருந்தது. மாவட்ட ஒதுக்கீடு அந்தப் பிள்ளைக்கு ஒரு வாசலைத் திறந்தது. ஆசனத்துக்காக யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் சிலர் மன்னார், வவுனியாப் பள்ளிக்கூடங்களில் பெயர் பதிந்த கதைகளும் அப்போது பிறந்தவையே. ‘தமிழ்ப் பகுதி’ என்று வெளியார் ஒரே நிறத்தில் தீட்டுவதற்குள் எத்தனை மேடு பள்ளம் என்று அந்த ஒதுக்கீடு காட்டிக் கொடுத்தது.

1980களின் நடுப்பகுதிக்குள் இராமேஸ்வரக் கப்பல் நின்றுவிட்டது. 1990 ஜூனில் அரசாங்கத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான போர் மறுபடி மூண்டது. மன்னார்ப் பாலம் தகர்ந்தது, மதவாச்சிக்கு வடமேற்கே தண்டவாளம் காணாமல் போனது. அவ்வாண்டு ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். அவர்களில் மிகப் பெரும் தொகையினர் மன்னார் மாவட்டத்தார். எருக்கலம்பிட்டி, தாராபுரம் போன்ற தீவின் முஸ்லிம் ஊர்கள் கதவு திறந்தபடி காலியாகின. படகேறிக் கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் போனவர்கள் உப்பளங்களின் ஓரத்தில் ஓலைக் குடிலில் இருபது ஆண்டுகள் இருந்தார்கள். தமிழர்களும் ஊரில் நிலைக்க முடியவில்லை. மடு தேவாலய வளவிலும் பேசாலையிலும் அகதி முகாம்கள்; அதற்கப்பால் தப்பிப் போனால் தனுஷ்கோடி அரிச்சல்முனை. இருந்தவர்களுக்குக் கடலுக்குப் போகப் பாஸ், போகும் நேரத்துக்குக் கட்டுப்பாடு, போகக்கூடிய தூரத்துக்கு எல்லை.

போர்க்காலத்து வாழ்க்கைத் தரத்தைப் புள்ளிவிபரத்தில் தேடினால் வெற்றுக் கட்டங்கள்தான் கிடைக்கும். 2001 குடிசன மதிப்பீடு மன்னாரில் முழுமையாக நடக்கவில்லை. 2009/10 வீட்டு வருமான, செலவின ஆய்வு நாடு முழுவதும் நடந்தது — மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு நீங்கலாக. 1981க்குப் பிறகு முழு நாட்டையும் எண்ணிய முதல் மதிப்பீடு 2012இல்தான் வந்தது. 1981இல் ஒரு லட்சத்து ஆறாயிரம் பேர் அளவில் இருந்த மன்னார் மாவட்டத்தில் 2012இல் ஒரு லட்சம்கூட இல்லை. அதே முப்பத்தொரு ஆண்டில் இலங்கையின் சனத்தொகை ஒன்றரைக் கோடிக்குக் கிட்டிய அளவிலிருந்து இரண்டு கோடியைத் தாண்டியிருந்தது. ஒப்பீடு வேண்டும் என்றால் இந்த ஒன்றே போதும்.

போர் முடிந்தபின் வழிகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 2010இல் ஜப்பான் உதவியோடு கட்டிய புதிய பாலம்; 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம், அதனால் பூநகரி வழியே யாழ்ப்பாணம் கிட்ட வந்தது; 2015 மார்ச்சில் தலைமன்னாருக்கு மறுபடி ரயில். முஸ்லிம்களில் ஒரு பகுதியினர் திரும்பினார்கள். புத்தளத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளோடு பலர் இரண்டு ஊருக்கும் இடையில் இன்னும் நடக்கிறார்கள்.

இப்போது எண்களும் வந்தன. 2012/13 ஆய்வில் மன்னார் மாவட்டத்தில் வறுமைக் கோட்டுக்குக் கீழே 20.1 வீதம், நாட்டுச் சராசரி 6.7, கொழும்பு 1.4. அடுத்த ஆய்வு 2016இல். அதில் கொழும்பு 0.9, மன்னார் 1.0. பக்கத்து மாவட்டங்களைப் பார்த்தால் யாழ்ப்பாணம் 7.7, முல்லைத்தீவு 12.7, கிளிநொச்சியோ 12.7இலிருந்து 18.2க்கு ஏறியிருந்தது.

மூன்று, நான்கு ஆண்டில் இருபதிலிருந்து ஒன்றுக்கு. அரசாங்க அட்டவணையை நம்பினால் மன்னாரான் கொழும்பானுக்குச் சமமாகிவிட்டான். இது முழுப் பொய்யும் அல்ல. வீட்டுத்திட்டங்களும் பாதை வேலைகளும் கூலி கொடுத்தன. தடை நீங்கிய கடல் மீன் கொடுத்தது. வெளிநாட்டுப் பணம் வந்தது. ஆனால் இந்த ஆய்வு அளப்பது வீட்டுச் செலவை. 2016இல் கோடு ஆளுக்கு மாதம் 4,166 ரூபாய். அதற்கு மேலே நூறு ரூபாய் செலவழித்தவரும் வறியவர் அல்ல. நாடு முழுவதற்கும் இருபத்தையாயிரம் வீடுகளை எடுத்து, அதை இருபத்தைந்து மாவட்டங்களுக்குப் பங்கிட்டால் மன்னாருக்குக் கிடைப்பது சிறு கைப்பிடி. கடன் வாங்கிச் செலவழித்த காசும் செலவுதான். பிறகு அரசாங்கமே கோட்டை மாற்றி 6,966 ரூபாய் ஆக்கியபோது, 2019இல் நாட்டுச் சராசரி 14.3 வீதமாக நின்றது. முல்லைத்தீவில் நூற்றுக்கு நாற்பதைத் தாண்டியது. கோடு நகர்ந்தது, அதனோடு லட்சக்கணக்கானவர்களும் ஒரே இரவில் ஏழைகளானார்கள்.

ஒரு வீதம் என்ற எண்ணின் உறுதியை 2022 சோதித்தது. மார்ச் 22ஆம் தேதி மன்னார்ப் பக்கத்திலிருந்து புறப்பட்ட படகில் கைக்குழந்தையோடு வந்தவர்கள் அரிச்சல்முனைக்கு அருகே மணல்திட்டில் இறக்கிவிடப்பட்டார்கள். அரிசியும் பால்மாவும் வாங்க முடியவில்லை என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். குண்டுக்குத் தப்பி ஓடிய வழியில் இம்முறை விலைக்குத் தப்பி ஓடினார்கள். அவர்களைத் தொடர்ந்து இன்னும் பலர் வந்தார்கள். அவர்கள் போய்த் தங்கியது மண்டபம் முகாமில். ஒருகாலத்தில் இராமநாதபுரத்தார் பசிக்குத் தப்பி மன்னாருக்கு வரக் காத்திருந்த அதே மண்டபம். அவ்வாண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்குத் தாவியது. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு படகுகளுக்கு மண்ணெண்ணெய்தான் உயிர். ஒரு நாள் தொழிலுக்குப் போவதா, வீட்டில் இருப்பதா என்பதே கணக்காகியது. வடகரையில் இன்னொரு கணக்கும் உண்டு: இராமேஸ்வரத்து இழுவைப் படகுகள் வரும் இரவுகளில் வலை விரிக்காமல் இருப்பது. இரவில் விரித்த வலை விடியும்போது இருக்குமா என்ற பயம். 2017இல் இலங்கை அடிமடி இழுவையைச் சட்டத்தால் தடுத்தது. சட்டம் கடலில் நீந்தவில்லை.

முத்துப் போன கடலில் இப்போது காற்றை அறுவடை செய்கிறார்கள். தாழ்வுபாட்டிலிருந்து தென்கரை நெடுகிலும் முப்பது காற்றாலைகள் நிற்கின்றன. 2020 டிசம்பரில் திறந்த ‘தம்பபவனி’, 103.5 மெகாவாட்; ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் மின்சார சபை கட்டியது. மின்சாரம் தேசிய வலைப்பின்னலுக்குப் போகிறது. கோபுரங்களுக்குப் போட்ட பாதைகள் மழைநீரின் ஓட்டத்தை மறித்து ஊருக்குள் வெள்ளம் நிற்க வைக்கின்றன என்பது தீவாரின் முறைப்பாடு. அதானி நிறுவனத்தின் மன்னார்–பூநகரித் திட்டம் வழக்குகளுக்கும் விலைச் சர்ச்சைக்கும் இடையே 2025 பெப்ரவரியில் கைவிடப்பட்டது. ஆனால் வேறு காற்றாலைகளும், மணலிலிருந்து இல்மனைட் எடுக்கும் யோசனையும் நின்றபாடில்லை. 2025 ஓகஸ்டில் தீவு மக்கள் பாதையில் இறங்கினார்கள். பங்குத் தந்தையரும் இளைஞரும் கடற்றொழிலாளர் சங்கங்களும் ஒன்றாக நின்றார்கள். அரசாங்கம் வேலையை ஒரு மாதம் நிறுத்தி வைத்தது. நல்ல தண்ணீரைத் தாங்கி நிற்பதே மணல்தான் என்னும்போது, மணலை அள்ளுவது பற்றிய பேச்சு தீவில் வெறும் சுற்றாடல் பேச்சாக இருப்பதில்லை. அது கிணற்றுப் பேச்சு.

மன்னாருக்கு எந்த இடம் என்று அரசாங்கத்தையே கேட்டால் இரண்டு விடை கிடைக்கும். இன்றைய பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு நூற்றுக்கு நாற்பது ஆசனம் அகில இலங்கைத் திறமைக்கு, ஐம்பத்தைந்து மாவட்டச் சனத்தொகைக்கு, மீதி ஐந்து கல்வியில் பின்தங்கிய பதினாறு மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் மன்னாரும் ஒன்று. புள்ளிவிபரத் திணைக்களம் மன்னாரைக் கொழும்புக்குப் பக்கத்தில் நிறுத்திய 2016இலும் அது அந்தப் பட்டியலில் இருந்தது. கொழும்புப் பிள்ளைக்கு மருத்துவபீடம் மூடியிருக்கும் வெட்டுப்புள்ளியில் மன்னார்ப் பிள்ளைக்கு அது திறந்திருக்கிறது. பட்டியலிலிருந்து மன்னாரை எடுத்துவிட வேண்டும் என்று புள்ளிவிபரத் திணைக்களத்தின் அட்டவணையைக் காட்டி யாரும் வாதிட்டதாகத் தெரியவில்லை. வாதிடப் போகிறவர் முதலில் தீவின் பள்ளிக்கூடங்களில் உயர்தரப் பௌதிகமும் இணைந்த கணிதமும் படிப்பிக்க எத்தனை ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்று எண்ணிவிட்டு வர வேண்டியிருக்கும்.